சுனாமிக்குப் பிறகும் நீங்காத இறால் வரி: அமெரிக்க வர்த்தக ஆணையத்தைச் சுதந்திரமானது என்று சொல்லலாமா?

இறால்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே போடுகிறேன்.

2003 டிசம்பர் கடைசி நாளில் அமெரிக்கத் தென்மாநில இறால் பிடிப்பவர்கள் மனு போட்டார்கள். இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகளும் விலையைக் குறைத்துக் கொட்டுகின்றன என்பது புகார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அடுத்த மாதமே வாஷிங்டனில் உள்ள சர்வதேச வர்த்தக ஆணையம் "ஆம், எங்கள் இறால் தொழிலுக்குப் பாதிப்பு உண்டு" என்று வாக்களித்தது. பிப்ரவரியில் பொருள்குவிப்பு வரி (விலை குறைத்துக் கொட்டுவதற்கு எதிராகப் போடும் வரி) அமலுக்கு வந்தது. தனி விகிதம் கிடைக்காத இந்திய நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம்.

பிறகு அதே ஆணையம், சுனாமியால் நிலைமை மாறியிருக்கிறதா என்று இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் மட்டும் ஒரு மறுஆய்வு நடத்தியது. அதற்கான வினாத்தாள் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. அன்று நான்தான் கடைக்குட்டி; நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. உறைவிப்புத் திறன் எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, அமெரிக்காவுக்கு எவ்வளவு, மற்ற நாடுகளுக்கு எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். "நம் பிளாண்டின் திறனை எதற்கு அவனிடம் சொல்ல வேண்டும்?" என்று மேலாளர் குதித்தார். சொல்லாவிட்டால் நமக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ள வழியுண்டு என்று வக்கீல் சொன்னதும் கையெழுத்துப் போட்டார்.

2005 நவம்பரில் முடிவு வந்தது: வரி தொடரும். நாகப்பட்டினத்தில் அவ்வளவு பிணங்கள் விழுந்த பிறகும்!

ஆளுக்கொரு கருத்து சொல்லுங்கள். இது சுதந்திரமான அமைப்பா, அல்லது அரசாங்கம் போட்டுக்கொண்ட முகமூடியா?

மீனவன்மகன்

இதில் கேட்க என்ன இருக்கிறது? அவர்கள் நாடு, அவர்கள் ஆணையம், அவர்கள் இறால்காரர்கள். நரியிடம் நியாயம் கேட்கப் போன ஆட்டின் கதை. விசாரணை, வினாத்தாள், வாக்கெடுப்பு எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டும் கூத்து.

திண்ணைவக்கீல்

மீனவன்மகன் அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் கூத்து என்று தள்ளிவிட்டால் 2013-இல் நடந்ததை எப்படி விளக்குவீர்கள்? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம்.

கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள் அல்லவா? அமெரிக்க வரி விசாரணையும் அப்படித்தான். விலை குறைத்து விற்றார்களா, மானியம் வாங்கினார்களா, எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவது வணிகத்துறை. அது அதிபரின் கீழ் இயங்கும் அமைச்சகம். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா என்று பார்ப்பது சர்வதேச வர்த்தக ஆணையம். (சுருக்கமாக ஐ.டி.சி. என்பார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் சிகரெட் கம்பெனி என்று நினைப்பார்கள் என்பதால் 'ஆணையம்' என்றே எழுதுகிறேன்.) இரண்டு சாவியும் திரும்பினால்தான் வரி. ஆணையம் 'இல்லை' என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. அந்த 'இல்லை'யை அதிபரால் 'ஆம்' ஆக்க முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆணையத்தில் ஆறு இருக்கைகள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பதவிக்காலம் ஒன்பது ஆண்டுகள், அதாவது நியமித்த அதிபர் இரண்டு முறை ஆண்டாலும் அவரைத் தாண்டி நிற்கும். ஆணையத்தின் பட்ஜெட் நேரே நாடாளுமன்றத்துக்குப் போகிறது. வெள்ளை மாளிகை இடையில் கத்தரிக்க முடியாது. 1974 வர்த்தகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. அதற்கு முன் 1916-இல் சுங்க ஆணையம் என்ற பெயரில் பிறந்தது. முதல் தலைவர் ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டாசிக்.

இப்போது 2013. மெக்சிகோ வளைகுடாக் கரை அமெரிக்க இறால்காரர்கள் மறுபடியும் வந்தார்கள், இம்முறை மானியப் புகாருடன். இந்திய இறாலுக்கு மானியம் உண்டு என்று வணிகத்துறை பத்து சதவீதத்துக்கு மேல் கணக்குப் போட்டுவிட்டது. முதல் சாவி திரும்பியாயிற்று. செப்டம்பரில் ஆணையம் நான்குக்கு இரண்டு என்று 'பாதிப்பில்லை' என வாக்களித்தது. வரி வரவேயில்லை. கூத்தாக இருந்தால் இது ஏன் நடக்க வேண்டும்?

மீனவன்மகன்

ஒருமுறை தப்பித்தோம். அதற்காக மாலை போடச் சொல்கிறீர்களா? 2024-இல் அதே மானிய வழக்கில் 'ஆம்' என்று சொல்லிவிட்டார்களே. இந்தியாவுக்கு 5.77 சதவீதம். பழைய பொருள்குவிப்பு வரியும் இன்னும் தலைமேல் நிற்கிறது.

பொட்டோமாக்கரை

வாஷிங்டன் பக்கம் வசிக்கிறேன். ஆணையத்தின் வாக்கெடுப்பு ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அது ஓர் எஃகுக் குழாய் வழக்கு. பெரிய வாதப் பிரதிவாதம் இருக்கும் என்று அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஆணையர்கள் வந்து அமர்ந்தார்கள். ஒவ்வொருவராக "உறுதிப்படுத்துகிறேன்" என்றார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. காரணங்கள் பிறகு பருமனான அறிக்கையாக வரும்.

அந்த அறிக்கைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துக்குப் பக்கம் மூன்று நட்சத்திரக் குறிகள். நிறுவனங்களின் ரகசியக் கணக்குகள் இருந்த இடங்கள் அவை. "அந்த ஆண்டில் உற்பத்தி *** பவுண்டு, விலை *** சதவீதம் குறைந்தது" என்று ஓடும். இரு தரப்பு வக்கீல்களும் ரகசியம் காக்க உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு முழு எண்களையும் பார்க்கலாம். கட்சிக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. உங்கள் மேலாளர் பயந்த திறன் கணக்கும் ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்குள்தான் ஒளிந்திருக்கும், இறால்கணக்கு ஐயா.

இன்னொரு செய்தி. 2005-இல் மறுஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டில் கத்ரீனா புயல் லூசியானா, மிசிசிப்பி கரைகளைப் புரட்டிப் போட்டது. மனுதாரர்களின் படகுகள் நடுரோட்டில் கிடந்தன. கடலால் அழிந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

இறால்கணக்கு

பொட்டோமாக்கரை ஐயா, அந்த நட்சத்திர விஷயம் எனக்குத் தெரியாது. வெறுமனே அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்!

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. சுனாமியைப் பார்த்தும் ஏன் மனம் இரங்கவில்லை?

திண்ணைவக்கீல்

இரங்குவது அதன் வேலையே இல்லை, ஐயா. நாம் இடறுவது அங்கேதான். ஆணையத்திடம் சட்டம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: வரியை எடுத்துவிட்டால் அமெரிக்க இறால் தொழிலுக்கு மறுபடி பாதிப்பு வருமா? சுனாமி நம் மீனவர் குப்பங்களை அழித்தது. ஏற்றுமதிக்கான வளர்ப்பு இறாலில் பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைகளிலிருந்து வந்தது. உறைவிப்பு ஆலைகளும் பெரும்பாலும் நின்றன. கப்பலேற்றும் திறன் குறையவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் பதில் வரும். நாகப்பட்டினத்துப் பிணங்களுக்கு அந்த வினாத்தாளில் கட்டமே கிடையாது.

கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமை கேள்வியில் இருக்கிறது. பதில் சொன்னவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னும் ஒன்று. இறால் வாங்கிச் சாப்பிடும் அமெரிக்கருக்கு விலை ஏறுமே, உணவகங்கள் என்ன செய்யும் என்றும் அந்தச் சட்டம் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒட்டுமொத்த நலனைப் பார்க்கும் ஒரு படி உண்டு. இங்கே அது இல்லை. வாக்குச் சரிசமமாகப் பிரிந்தால் அதையும் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆக, தராசைச் செய்தவனே ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்துச் செய்திருக்கிறான். நிறுப்பவர் நேர்மையாகத்தான் நிறுக்கிறார்.

மீனவன்மகன்

சாய்ந்த தராசில் நேர்மையாக நிறுத்தால் எனக்கு என்ன லாபம், வக்கீல் தம்பி?

திண்ணைவக்கீல்

நல்ல கேள்வி. பதில் யோசித்துச் சொல்கிறேன்.

பொட்டோமாக்கரை

அதற்குள் மீனவன்மகன் பக்கம் ஒரு சாட்சி சொல்கிறேன். 2000-இல் பேர்டு திருத்தம் என்று ஒரு சட்டம் வந்தது. வசூலாகும் பொருள்குவிப்பு வரியை அரசு கஜானாவில் போடாமல், வழக்கை ஆதரித்த உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கே பிரித்துக் கொடுப்பது. யார் ஆதரித்தார்கள் என்ற பட்டியலைச் சுங்கத்துறைக்குக் கொடுத்தது இதே ஆணையம். அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பும் வினாத்தாளில் "மனுவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் போடும் ஒரு டிக்குக்குப் பின்னால் காசோலை காத்திருந்தது. டிக் போடும் கை நடுங்காமலா இருந்திருக்கும்? உலக வர்த்தக அமைப்பு இது தவறு என்று சொன்ன பிறகு, 2006-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அப்போதும் 2007 அக்டோபருக்கு முன் நுழைந்த சரக்கின் வரி பழைய வழியில்தான் போனது. இறால் பிடித்தவர்களும் அதில் பங்கு வாங்கினார்கள்.

ஆணையம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சுற்றியுள்ள சட்டம் அதன் கையில் அழுக்குத் துணியைக் கொடுத்துவிட முடியும்.

இறால்கணக்கு

இதைக் கேட்டதும் ஞாபகம் வருகிறது. அப்போது எங்களைக் கசக்கியது வரி விகிதத்தைவிட டெபாசிட்டும் பாண்டும் (வரியைக் கட்டிவிடுவோம் என்று கொடுக்கும் உத்தரவாதம்)தான். அமெரிக்க முறையில் சரக்கு நுழையும்போது இறக்குமதியாளர் கட்டுவது உத்தேச வரி. உண்மையான வரி எவ்வளவு என்பது ஆண்டு மறுஆய்வு முடிந்த பிறகே தெரியும். இன்று விற்ற இறாலுக்கு இரண்டு வருடம் கழித்துப் பில் வரலாம் என்றால் எவன் வாங்குவான்? போதாததற்கு, இறாலுக்கு மட்டும் கூடுதல் பாண்டு கேட்டது அமெரிக்கச் சுங்கத்துறை. இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2008-இல் அதில் வென்றது. அதற்குள் எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த சிறிய இறக்குமதியாளர்கள் இருவர் தொழிலை விட்டே போய்விட்டார்கள்.

பஞ்சாலைப்பழனி

திண்டுக்கல் பக்கம் நூற்பாலை. நீங்கள் எல்லோரும் அமெரிக்காவையே பார்க்கிறீர்கள். நம் வீட்டில் என்ன நடக்கிறது?

நமக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது: வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். 2018-இல் இப்போதைய வடிவம் பெற்றது. விலைக்குறைப்பையும் அதுவே கணக்கிடுகிறது, பாதிப்பையும் அதுவே தீர்மானிக்கிறது. வக்கீல் சொன்ன இரண்டு சாவியும் ஒரே இடுப்பில். அந்த இடுப்பும் வணிக அமைச்சகத்தின் இடுப்பு. அதற்குப் பிறகு நிதி அமைச்சகம் விரும்பினால் ஏற்கும், விரும்பாவிட்டால் விட்டுவிடும்.

மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் அதன் இறக்குமதிக்குப் பொருள்குவிப்பு வரி இருந்தது. உள்நாட்டில் பெரிய உற்பத்தியாளர் ஒருவர்தான். அந்தப் பஞ்சை வாங்கி நூலாக்கும் ஆலைகளோ நூற்றுக்கணக்கில், பெரும்பகுதி தமிழ்நாட்டில். நூல் விலை, துணி விலை என்று ஈரோட்டு விசைத்தறி வரை அந்த வரி இறங்கும். நாங்கள் தில்லிக்கு நடந்த நடையில் செருப்புத் தேய்ந்தது. 2021 ஆகஸ்டில் வரியை எடுத்தார்கள். 2022 டிசம்பரில் இந்தோனேசியப் பஞ்சுக்கு மறுபடி வரி போடச் சொல்லி இயக்ககம் பரிந்துரைத்தது. நிதி அமைச்சகம் ஏற்கவில்லை. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டால், 2023 மார்ச்சில் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நம் தரச்சான்று இல்லாத வெளிநாட்டுப் பஞ்சு நுழைய முடியாது. வாசலில் தடுத்ததைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார்கள்! அதற்குப் பாதிப்பு விசாரணையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை, நட்சத்திரம் போட்ட அறிக்கையும் இல்லை. 2025 நவம்பரில் அதையும் விலக்கிக்கொண்டார்கள். போட்டதும் ஓர் ஆணை, எடுத்ததும் ஓர் ஆணை.

சாய்ந்த தராசு என்று அழுகிறீர்கள், மீனவன்மகன் அண்ணாச்சி. எங்களுக்குத் தராசே தெரிவதில்லை. சீட்டு மட்டும் வருகிறது.

பழையகோப்பு

ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியன். இளைஞர்களுக்கு ஒரு செய்தி: இந்த விஷயத்தில் நாம் அமெரிக்காவுக்கு அதிகம் பின்தங்கியவர்கள் அல்லர்.

1921-இல் இப்ராகிம் ரகிம்துல்லா தலைமையில் இந்திய நிதிக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1923-இல் சுங்க வாரியம் வந்தது. 'பாகுபடுத்திப் பாதுகாத்தல்' என்று கொள்கை. பாதுகாப்புக் கேட்டு வரும் தொழில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: உனக்கு இயற்கை வசதி இருக்கிறதா? பாதுகாப்பு இல்லாமல் வளரவே முடியாதா? ஒருநாள் பாதுகாப்பே இல்லாமல் உலகப் போட்டியைத் தாங்குவாயா? முதலில் வந்த வழக்கு எஃகு. 1924-இல் சட்டமே போட்டுப் பாதுகாத்தார்கள். 1932-இல் சர்க்கரை.

அந்த மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். 'எப்போது ஊன்றுகோலைக் கீழே போடுவாய்' என்று அன்று கேட்டார்கள். இன்றைய பொருள்குவிப்பு விசாரணை எதிலும், எந்த நாட்டிலும், அது இல்லை. அமெரிக்க இறால் வரிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு உண்டு. 2005-இல் போட்டது 2011, 2017, 2023 என்று மூன்று மறுஆய்வுகளைத் தாண்டி நமக்கு நிற்கிறது. பிரேசிலுக்கு மட்டும் 2017-இல் விடுதலை கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1951-இல் சட்டம் இயற்றி நிரந்தரமான சுங்க ஆணையம் அமைத்தோம். 1976-இல் அதைக் கலைத்துவிட்டோம். இறக்குமதியே லைசென்ஸில் நடந்த காலத்தில் வரியைப் பற்றி ஆராய ஆள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மட்டுறுத்துநர்

கட்சிகளைத் தாக்கும் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இறாலோடும் வரியோடும் நில்லுங்கள்.

மெல்போர்ன்வாசி

எல்லோரும் 'தொழிலுக்குப் பாதிப்பா' என்ற கேள்வியையே சுற்றுகிறீர்கள். கேள்வியையே மாற்றிய ஓர் ஊர் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1921 முதல் சுங்க வாரியம் இருந்தது. கேட்ட தொழிலுக்கெல்லாம் வரி கொடுத்துக்கொண்டிருந்தது. 1963-இல் ஆல்ஃப் ரட்டிகன் என்ற அதிகாரி தலைவராக வந்தார். ஒரு தொழிலுக்குக் கொடுக்கும் பாதுகாப்புக்கு மற்றத் தொழில்களும் மக்களும் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கணக்கெழுதி ஆண்டறிக்கையில் அச்சிட ஆரம்பித்தார். அமைச்சர்களுக்கே வயிற்றைக் கலக்கியது. 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு எல்லா வரிகளையும் ஒரே நாளில் 25 சதவீதம் குறைத்தது. வாரியம் பெயர் மாறி மாறி, 1998 முதல் உற்பத்தித்திறன் ஆணையமாக இருக்கிறது. வரி போடவோ எடுக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. கணக்கை ஊரறியப் போட்டுக்காட்டும், அவ்வளவுதான்.

திண்ணைவக்கீல்

மெல்போர்ன்வாசி சொன்னதைக் கேட்ட பிறகு மீனவன்மகன் அண்ணாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

லாபம் என்ன என்றீர்கள். மூன்று வழக்குகளைப் பாருங்கள். 1980-இல் டெட்ராய்ட் கார்த் தொழிலே ஜப்பான் காரால் சாகிறது என்று அழுதது. ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்று 'முக்கியக் காரணம் இறக்குமதி அல்ல' என்றது. அப்படிச் சொல்ல முதுகெலும்பு வேண்டும். 2018 ஜனவரியில், கனடாவின் பம்பார்டியர் விமானத்துக்குக் கிட்டத்தட்ட முந்நூறு சதவீத வரி என்று வணிகத்துறை தீர்மானித்திருந்தது. கேட்டது போயிங். ஆணையம் நான்குக்குப் பூஜ்யம் என்று நிராகரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கனடாவின் செய்தித்தாள் காகிதம்: ஐந்துக்குப் பூஜ்யம். அமெரிக்கா முழுவதும் சிறிய பத்திரிகைகள் பிழைத்தன.

2013-இல் நம் இறாலும் அந்த வரிசையில்தான் பிழைத்தது. வாதாட ஓர் இடமும், எழுத்தில் காரணமும் இருந்ததால் பிழைத்தது. அந்த லாபத்தைத்தான் சொல்கிறேன்.

மீனவன்மகன்

சரி. ஆனால் டெட்ராய்ட் கதையை முழுவதும் சொல்லுங்கள். ஆணையம் 'இல்லை' என்ற பிறகு என்ன ஆயிற்று? 1981-இல் ஜப்பானே 'தானாக முன்வந்து' ஆண்டுக்கு 16,80,000 கார்களோடு நிறுத்திக்கொண்டது. கழுத்தில் கை வைத்தால் எல்லோரும் தானாகத்தான் முன்வருவார்கள்.

பொட்டோமாக்கரை

அது சரியான அடி. இன்னும் பெரிய அடி 2025-இல். ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25, பிறகு இன்னொரு 25, ஆக 50 சதவீதம் என்று வரி வந்தது. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தைச் சொல்லி அதிபர் போட்டது. அதில் ஆணையத்துக்கு வினாத்தாள் இல்லை, விசாரணை இல்லை, வாக்கும் இல்லை. ஒரே ஒரு வேலை மட்டும் இருந்தது. அமெரிக்கச் சுங்க வரி அட்டவணையைப் பராமரித்து வெளியிடுவது சட்டப்படி இதே ஆணையம்தான். எனவே மேலிருந்து வந்த ஒவ்வொரு விகிதத்தையும் 99-ஆம் அத்தியாயத்தில் சேர்த்து, திருத்திய பதிப்புக்கு மேல் திருத்திய பதிப்பாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் 2023 மார்ச்சில் இதே ஆணையம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. முந்தைய எஃகு, அலுமினிய, சீன வரிகளின் சுமையை ஏறக்குறைய முழுவதும் சுமந்தது அமெரிக்க இறக்குமதியாளர்கள்தான் என்று எழுதியிருந்தது. எழுதியது நாடாளுமன்றம் கேட்டதால். படித்தவர்கள் யார் என்று தெரியவில்லை.

பஞ்சாலைப்பழனி

நீதிபதியைத் தட்டச்சராக்கிய கதை. திருப்பூரில் அந்த மாதம் ஆர்டர் நின்ற வீடுகளைப் பார்த்தேன்.

இறால்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நான் முகமூடியா என்று கேட்டுத் தொடங்கினேன். இப்போது கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன். என் கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்பவில்லை என்று மட்டும் தெரிகிறது.

2025 ஆகஸ்டு கடைசி வாரம் எங்கள் கணக்கில் இறாலுக்கு மூன்று வரிகள் அடுக்கடுக்காக நின்றன: பொருள்குவிப்பு, மானிய எதிர்வரி, அதன்மேல் ஐம்பது. முதல் இரண்டுக்கும் என்னிடம் கோப்பு இருக்கிறது. என் கையெழுத்தில் நிரப்பிய வினாத்தாள் நகல், வக்கீல் கடிதங்கள், தீர்ப்பு அறிக்கை, எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில். மூன்றாவதற்குக் கோப்பு திறக்கலாமென்று அட்டையில் பெயர் எழுதினேன். உள்ளே வைக்க ஒரு தாளும் இல்லை.

மீனவன்மகன் தம்பி, தூத்துக்குடிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். அந்தப் பழைய வினாத்தாளைக் காட்டுகிறேன்.

மீனவன்மகன்

வருகிறேன் அண்ணாச்சி. கையிருப்புக் கட்டத்தில் அன்று உண்மையைத்தான் எழுதினீர்களா என்று பார்க்க வேண்டும்.